தமிழில் கேட்க ஓர் அறை

கெல்சென்கிர்ச்சன் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு பல் வைத்தியரின் மாடியில் பிரபாலினி ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, இரண்டு சாய்வு நாற்காலிகளையும் வாங்கிப் போட்டிருந்தாள். அவள் உளச்சிகிச்சையாளர். படிப்பை முடித்து, தொழில் செய்யும் அனுமதியும் பெற்று, ஒரு மனநல மருத்துவமனையில் சம்பளத்துக்கு இருந்தாள். ஆனால் அந்த நாற்காலிகளில் இன்னும் யாரும் உட்காரவில்லை.

காரணம் காப்புறுதி. ஜெர்மனியில் பெரும்பாலானோர் பொது நோய்க் காப்புறுதியில்தான் இருக்கிறார்கள். அந்தக் காப்புறுதி பணம் கொடுக்க வேண்டுமானால், சிகிச்சையாளருக்கு அந்த ஊரில் அதற்கென ஒதுக்கிய ஓர் இடம் கிடைத்திருக்க வேண்டும். ஊருக்கு இத்தனை இடம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பழையவர் ஓய்வு பெற்றால்தான் புதியவருக்கு வழி. அப்படி ஒன்று காலியாகும்போதெல்லாம் பிரபாலினியும் விண்ணப்பிப்பாள், வேறு யாருக்காவது போய்விடும். கலியாண வீட்டுப் பந்தியில் இலைக்குக் காத்து நிற்பது போலத்தான். நமக்கு முன்னால் நிற்பவரோடு சோறு முடிந்துவிடும்.

இந்த ஆசை அவளுக்குச் சின்ன வயதிலேயே பிடித்தது. பத்து வயதில் அவள்தான் தெருவிலிருந்த தமிழருக்கெல்லாம் மொழிபெயர்ப்பாளர். ஒருநாள் பக்கத்து வீட்டு சுந்தரேஸ்வரி அக்கா வைத்தியரிடம், "நெஞ்சுக்குள்ள ஏதோ அடைச்சு நிக்குது, அழவும் ஏலாமக் கிடக்கு" என்றாள். அதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று குழந்தைக்குத் தெரியவில்லை. வயிற்று வலி என்று சொல்லிவிட்டது. அக்கா வயிற்றுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு, சாக்லேட்டும் வாங்கித் தந்து கூட்டி வந்தாள். அக்கா சொல்ல வந்ததை முழுக்கக் கேட்க வேண்டும் என்ற ஏக்கம் அன்று தொடங்கி, இன்றைக்கு இரண்டு நாற்காலியில் வந்து நிற்கிறது.

மருத்துவமனைக்கு நம்மவர்கள் வர மாட்டார்கள். அந்தக் கட்டிடத்தைக் கண்டாலே தெருவின் மறுபக்கம் மாறி நடப்பார்கள். ஆனால் கோயிலில் அவளைக் கண்டால் விட மாட்டார்கள். பிரசாதத்தோடு ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போய், "எனக்கில்லை பிள்ளை, எனக்குத் தெரிஞ்ச ஆளுக்கு" என்று தொடங்குவார்கள்.

கடைசியில் ஒரு வக்கீல் வழி சொன்னார். இந்த ஊரில் வேறு யாராலும் நிறைவேற்ற முடியாத தேவை ஒன்று இருக்கிறது என்று நிரூபித்தால், எண்ணிக்கைக்கு வெளியே ஓர் இடம் கேட்கலாம். மொழி மட்டும் போதாது, துன்பப்படும் ஆட்கள் இருப்பதைக் காட்ட வேண்டும். இடம் ஒதுக்கும் குழுவின் முன்னால் யாராவது வந்து அதைச் சொன்னால் நல்லது என்றார்.

பிரபாலினி உருத்திரமூர்த்தி அண்ணையைக் கேட்டாள். தமிழ்ச் சங்கத் தலைவர், நகரப் பேருந்துச் சாரதி, நாலு பேர் மதிக்கிற மனுசர். அவளைப் பொறுத்தவரை அவர் வேறு ஆளும்கூட. சனிக்கிழமைகளில் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் காருக்குள் அவளை உட்கார வைத்துப் பேசுபவர். போரின் கடைசி நாட்களில் வன்னியிலிருந்து வந்த தம்பியின் தொலைபேசி அழைப்பு, அவர் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தபோது அடித்து ஓய்ந்தது. பிறகு தம்பியின் குரல் வரவே இல்லை. அந்தத் தொலைபேசி இன்னும் அவருடைய உறக்கத்தில் அடிக்கிறது.

"அண்ணை, உங்கட கதையைச் சொல்ல வேண்டாம். சனம் கஷ்டப்படுது எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"இதென்ன பெரிய வேலை? நான் வாறன், பிள்ளை."

வந்தார். கலியாணத்துக்குப் போடும் கோட்டோடு, நெற்றியில் திருநீற்றோடு வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் வைத்தியர் தரப்பும் காப்புறுதித் தரப்புமாக ஒரு குழு. தலைவியான பெண்மணி மரியாதையாகவே கேட்டார்: உங்கள் சமூகத்தில் மனநோயால் துன்பப்படுகிறவர்கள் பலர் இருக்கிறார்களா?

மனநோய் என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணையின் முதுகு நிமிர்ந்தது. வெள்ளைக்காரர் முன்னால் சனத்தின் மானம் போகலாமா?

தெளிவான ஜெர்மனில் அவர் சொன்னார். எங்கள் மக்கள் உழைப்பாளிகள். பிள்ளைகள் வைத்தியர்களாக, பொறியியலாளர்களாக இருக்கிறார்கள். எங்களிடம் அப்படிப்பட்ட நோய் எதுவும் கிடையாது. ஆனால் இந்தப் பிள்ளை நல்ல குடும்பத்துப் பிள்ளை, கெட்டிக்காரி. தயவுசெய்து இவளுக்கு இந்த இடத்தைக் கொடுங்கள்.

குழுவில் ஒருவர் பேனாவை மூடி வைத்தார். பிரபாலினி எழுந்து ஏதேதோ விளக்கினாள். உங்கள் சாட்சியே அப்படியொரு தேவை இல்லை என்கிறாரே என்று தலைவி கேட்டார். அண்ணை பொய் சொல்கிறார் என்று பிரபாலினி எப்படிச் சொல்வாள்? அவர் காருக்குள் சொன்னதெல்லாம் அவளிடம் கொடுத்து வைத்தது அல்லவா? வெளியே காத்திருக்கச் சொல்லி, திரும்பக் கூப்பிட்டு, இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது அண்ணைதான் கார் ஓட்டினார்.

"நான் நல்லாத்தானே சொன்னனான், பிள்ளை? குடும்பத்தைப் பற்றியும் சொன்னனான். இவங்களுக்குக் கண்ணில்லை."

அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அந்த அறையை நினைத்தாள். இனி நாற்காலிகளை விற்க வேண்டியதுதான்.

"ஓம் அண்ணை," என்றாள்.

கோயில் வாகனத் தரிப்பிடத்தில் அவர் இயந்திரத்தை நிறுத்தினார். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"ராத்திரியும் அந்த போன் அடிச்சது, பிள்ளை. எடுக்கப் போனால் கை எழும்புதில்லை."

காருக்குள் கேட்பது சிகிச்சை ஆகாது. அது அவளுக்குத் தெரியும். இதற்கு ஓர் அறை வேண்டும், கதவு வேண்டும், வாரம் தவறாமல் வர ஒரு நேரம் வேண்டும். அவ்வளவைத்தான் அவள் குழுவிடம் கேட்டாள்.

இருக்கைப் பட்டியைக் கழற்றிவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கோ, அண்ணை."