ஊர் மானமும் நான்கு வயல்களும்

பிசானப் பருவ நெல் அறுப்பு நேரத்தில் ஒரு ஊருக்குப் போனால், எந்த வயலில் அறுத்து எடைபோடுவது என்பதை நானும் முடிவுசெய்யக் கூடாது, ஊர்க்காரர்களும் முடிவுசெய்யக் கூடாது. குலுக்கலில் விழுந்த நான்கு சர்வே எண்கள் என் கையில் இருக்கும். அந்த வயல்களில் ஐந்து மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்தால் ஊர் முழுவதும் என்ன விளைந்தது என்று சொல்லிவிடலாம். புள்ளியியல் ஆய்வாளராக எனக்கு இதுதான் வேலை.

அந்த வருடம் வாய்க்கால் தண்ணீர் பாதியிலேயே நின்று, கடைமடை காய்ந்துபோயிருந்தது. ஊர் வயல்களில் முக்கால்வாசி அந்தப் பக்கம்தான். விளைச்சல் விழுந்துவிட்டது என்று என் எடை சொன்னால்தான் ஊருக்குப் பயிர்க் காப்பீடு வரும். அப்படியிருக்க, ஊர்ப் பெரியவரான அண்ணாச்சி என்னை நேரே கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தியது தலைமடையில் இருந்த தன் வயலில். கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்து கிடந்தது.

"இங்கன அறுங்க மேடம். வந்தவியளுக்குக் கருகுனதையா காட்டுவாவ? ஊரு மானம் போயிரும்லா."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன் அண்ணாச்சி? போன தடவை கடைமடை காஞ்சப்பவும் வந்தவருக்கு இதைத்தான காட்டுனிய? யாருக்காவது காப்பீடு வந்துச்சா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

என் தாளில் ஒரு எண் தலைமடையிலும் இருந்தது. அதையும் விடாமல் அறுத்தேன். மற்ற மூன்றும் கடைமடை. கடைசி வயலுக்குப் போய்ச் சேர்வதற்குள் வரப்பில் என் செருப்பு அறுந்துவிட்டது. வயலுக்குச் சொந்தக்கார அக்கா ஓடிவந்து குறுக்கே நின்றார். அவருக்கு இருந்ததே அந்த ஒரு வயல்தான்.

"இதைப் போயா நிறுக்கப் போறிய? எல்லாரும் பாக்காவ, வெக்கமா இருக்கு தாயி. அண்ணாச்சி வயலையே எழுதிக்கிடுங்க."

"அவரு வயல மட்டும் எழுதுனா ஊரே அவர மாதிரி விளைஞ்சுதுன்னு ஆயிரும் யக்கா. பைய ஒதுங்குங்க."

தூற்றியபோது காற்றோடு போன பதர்தான் அதிகம். மிஞ்சியதைத் தராசில் வைத்ததும் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணாச்சி குனிந்து எடையைப் பார்த்தார்.

"அடப்பாவமே, இத்தன நாளும் நானே ஊரைக் கெடுத்திருக்கேன்" என்றார். "உள்ளத உள்ளபடி எழுதும்மா."

எழுதினேன். "ரோட்டோரம் நல்லாத்தானே விளைஞ்சிருக்கு?" என்று காரிலிருந்தபடியே ஊரைப் பார்த்துவிட்டு வந்த மேலதிகாரி ஒருவர் கேட்டார். ரோட்டோரத்தில் மட்டுமா சார் ஊர் இருக்கிறது என்று நான்கு வயல்களின் படங்களையும் அவர் மேசையில் பரப்பினேன். அதற்குப் பிறகு அவர் கையெழுத்துப் போட்டார்.

காப்பீடு கிடைத்த ஊர்களின் பட்டியலைக் கூட்டுறவுச் சங்கத்தில் வாசித்தபோது நானும் போயிருந்தேன். இந்த ஊரின் பெயர் வந்ததும் ஒரே விசில். சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "எந்தெந்த வயல்ல வே அறுத்தாவ?" என்று யாரோ கேட்க, சங்கத்து எழுத்தர் நான்கு எண்களையும் வாசித்தார்.

கடைசி எண்ணை அவர் முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து அக்காவின் குரல் கணீரென்று வந்தது.

"அது என் வயலு! ஏலே, எல்லாரும் கேட்டுக்கிடுங்க, அது என் வயலு!"