கேட்டுத் திருப்பியவர்

பல்லடம் சாலையில் ஒரு பேக்கரியின் மாடியில் ஞாயிறுதோறும் சல்சா நடன வகுப்பு. முதல் வாரம் எனக்கு ஜோடியாக வந்த இளைஞர் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில், இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று நினைத்தேன். தோழி விடாததால் மறுவாரமும் போனேன்.

அன்று எனக்கு வாய்த்தவர் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. என் கையைத் தொடுமுன் தன் உள்ளங்கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார். ஒவ்வொரு முறை என்னைச் சுழற்றுவதற்கு முன்னாலும், “திருப்பட்டுங்களா?” என்பார். நான் தலையாட்டுவதற்குள் தாளம் போய்விடும்.

“சார், வாயால கேக்கக் கூடாது. கையைத் தூக்குனாப் போதும், அவங்களே திரும்பிக்குவாங்க” என்றார் பயிற்சியாளர்.

“அதெப்பிடிங்க கேக்காமத் திருப்பறது? துணியவே தடவிப் பாத்துட்டுத்தானுங்க கத்தி வெக்கறேன். இவங்க மனுசராச்சுங்களே!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிப்பிலோ கல்யாணத்திலோ என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அன்று முழுக்கத் தாளம் தப்பியே ஆடினோம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம் மறுபடியும் அந்த இளைஞர்தான் ஜோடி. மூலையில் வேறொருவரிடம், “திருப்பட்டுங்களா?” என்று மாஸ்டரின் குரல் கேட்டது. சரியான தாளத்தில் இளைஞர் என் கையைத் தூக்கினார். நான் திரும்பவில்லை.

“மொதல்ல கேளுங்க” என்றேன்.