தவிட்டு மெத்தை

என் மாமாவைத் தவிட்டுப் பைத்தியம் என்றுதான் திருவனந்தபுரம் கோட்டைக்குள் எங்கள் தெருவில் சொல்வார்கள். மாமா, அம்மாவின் தம்பி. அதே ஊரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. அரிசி மில்லில் மிஞ்சும் தவிட்டிலிருந்து மெத்தைக்கான ஸ்பாஞ்ச் செய்துகாட்டுகிறேன் என்று கிளம்பியிருந்தார். "மாடு திங்கறதுல மனுஷா படுத்துக்கறதா?" என்று ஊரே சிரித்தது.

அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் அது. வயிற்றில் ஏதோ கட்டி என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். எப்படிப் புரண்டு படுத்தாலும் அம்மாவுக்கு முதுகு நொந்தது. பஞ்சு மெத்தை சூடு, கடை மெத்தை கல். "அக்காவுக்கு நான் பண்ணித் தரேன்" என்று மாமா வாயை விட்டுவிட்டார். அதற்கப்புறம் மனுஷருக்கு ஊண் உறக்கம் கிடையாது.

ஒரு சனிக்கிழமை என்னையும் ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவைத்தார். உள்ளே, தவிட்டை ரசாயனத்தில் காய்ச்சி எடுத்த, வெல்லப்பாகு போன்ற கறுப்புக் குழம்பு. அதில் வேறொரு திரவத்தைக் கலந்து பெட்டியில் கொட்டினார். அடேயப்பா! இட்லி மாவு மாதிரி பொங்கிக்கொண்டு மேலே வந்தது. ஆனால் ஆறியதும் ரஸ்க்காக விறைத்துவிட்டது. மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். பாவம், அப்படி எத்தனை பெட்டி வீணாயிற்றோ!

ஒருவழியாகத் தவிட்டு நிறத்திலேயே ஒரு மெத்தை ஆட்டோவில் வந்து இறங்கியது. வாசலிலேயே அத்தை மறித்தாள். அப்பாவின் அக்கா, எங்கள் வீட்டு ஆசாரத்துக்கு அவள்தான் சுப்ரீம் கோர்ட். வெந்த சோறு பட்டதெல்லாம் அவளுக்குப் 'பத்து'. தொட்டால் கை அலம்பியாக வேண்டும்.

"தவிட்டை வேகவெச்சுத்தானேடா பண்ணியிருக்கே? அப்போ இது பத்தாக்கும்."

வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய மாமா திருதிருவென்று விழித்தார். உள்ளேயிருந்து அம்மாதான் தீர்த்துவைத்தாள். "எழுந்துண்டா நான் கையை அலம்பிக்கறேன். நீ கொண்டு வாடா அம்பி."

கட்டிலில் விரித்ததும் மாமாவே முதலில் உட்கார்ந்து பார்த்தார். நன்றாக அமுங்கியது. எழுந்த பிறகும் அவர் உட்கார்ந்த குழி கொஞ்ச நேரம் இருந்து, மெல்ல மெல்ல மேலே வந்தது. உடம்பின் வளைவுக்குத் தகுந்தபடி அமுங்கி வாங்கிக்கொள்ளுமாம். அதனால் முதுகு நோகாதாம். அப்புறம் அம்மாவைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள்.

"கொள்ளாம்டா, நன்னாயிருக்கு" என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சற்று நேரம் கழித்து, புடவை மாற்ற அத்தை அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தாள். அம்மா படுத்திருந்த இடத்தை நான் உடனே குனிந்து பார்த்தேன். குழியே இல்லை. யாருமே படுக்காதது போலச் சமமாக இருந்தது.

"மாமா, ஜெயிச்சுட்டேள்! துளிக்கூட அமுங்கலை!" என்று கைதட்டினேன்.

மாமா அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. இவ்வளவு நல்ல மெத்தையைச் செய்துவிட்டு யாராவது அழுவார்களா? எனக்குக் கோபம்கூட வந்தது.

அம்மா மறுபடி படுத்ததும் நானும் கட்டிலில் ஏறி அவளை ஒட்டிப் படுத்துக்கொண்டேன். என் பக்கம் மட்டும் மெத்தை ஆழமாக இறங்கியது. பத்து வயதிலேயே அம்மாவைவிட நான் கனமாகிவிட்டேன் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.