இரண்டு முழம் கறுப்பு நாடா

பள்ளிக் கண்காட்சிக்காக, விரலால் தடவினால் பாடும் பட்டை ஒன்றை அக்கா செய்யக் கிளம்பியபோது எனக்கு ஒன்பது வயது. விரல் நகர நகர ஸ்வரம் ஏற வேண்டுமாம். அதற்கு மின்சாரம் தடையில்லாமல் ஓடவும் கூடாது, நின்றுவிடவும் கூடாது; தவழ்ந்து போக வேண்டும். அதற்கென்றே விற்கும் பட்டையின் விலையை மன்னார்புரம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டதும் அக்கா படியிறங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து, மின்தடையை எண்ணில் காட்டும் அக்காவின் மீட்டர் என் கைக்கு வந்தது. கறிவேப்பிலை முதல் பூனையின் வால் வரை எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் நான் கம்பி வைத்துப் பார்க்காத பொருளில்லை. பென்சிலால் அழுத்திக் கோடு போட்டால் பாடியது. பத்துத் தடவலில் கோடு அக்காவின் விரலுக்குப் போய்விட்டது. நனைத்த வாழைநார் காலையில் தேனாகப் பாடி, மத்தியானம் காய்ந்து வாயை மூடிக்கொண்டது. கண்காட்சிக்கு இரண்டே நாள். அக்கா அழ ஆரம்பித்திருந்தாள்.

தெருமுனை ரேடியோ ரிப்பேர்க்காரர்தான் வழி சொன்னார்: “பழைய வீடியோ கேசட் நாடாவைப் போட்டுப் பாரும்மா. அதுல கரி பூசியிருப்பாங்க. ஆனா இப்ப அதெல்லாம் யார் வீட்டுல இருக்கு?”

எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. பீரோவில், அம்மாவின் கூறைப்புடவைக்குள் சுற்றிவைத்த கல்யாண கேசட். “தொட்டே, கொன்னுடுவேன்” என்றாள் அக்கா. அவள் டியூஷனுக்குப் போனதும் தொட்டேன்.

நாடாவை உருவி மீட்டரை வைத்தேன். எண் வந்தது! கம்பியைத் தள்ளி வைத்தேன். எண் ஏறியது! சந்தோஷத்தில் கத்திக்கொண்டே குதித்துத் திரும்பினால், வாசலில் அம்மா ஆபீஸ் பையோடு நிற்கிறாள். தொலைந்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“எவ்வளவுடி வேணும்?”

“ஒரு முழம்மா.”

பூ அளப்பதுபோல் முழங்கையில் வைத்து அளந்தாள். “ரெண்டா எடுத்துக்கோ. தேஞ்சா மாத்தணும்ல?” கத்தரிக்கோலால் அவளே வெட்டினாள். பிறகு, யாரும் கேட்காமலே, மிச்ச நாடாவையும் கடைசிவரை இழுத்து இழுத்துக் கூடம் முழுக்கப் போட்டாள்.

அன்று சாயங்காலமே பட்டை பாடியது. அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். அம்மா தன் விரலை வைத்து ஒரே இழுப்பாக இழுத்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நம் பாட்டு அவ்வளவு ஜோர் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்காட்சியிலும் எங்கள் மேசை முன்னால்தான் பெரிய வரிசை.

எனக்கு ஒரே ஒரு கவலைதான். துபாயில் அப்பாவுக்கு வேலை அதிகம், அதனால்தான் இரண்டு தீபாவளியாகப் போன்கூடப் பண்ண முடியவில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். ஊருக்கு வந்ததும் கேசட்டைக் கேட்பாரே? யாருக்கும் தெரியாமல் காலிக் கேசட்டைப் பழையபடி கூறைப்புடவைக்குள் சுற்றி பீரோவில் வைத்தேன். அப்பா வந்தால் அம்மாதானே திட்டு வாங்குவாள்.