பெற்றரி வேண்டாத மணிக்கூடுகள்

ஊர்ப் பள்ளிவாசலுக்காகத் தொழுகை நேரம் காட்டும் சிறு கருவி ஒன்று செய்கிறேன். வண்ணத்திரையையும் கறுப்பு வெள்ளை மின்தாள் திரையையும் மேசையில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கையில் கரண்ட் போயிற்று. வண்ணத்திரை இருண்டது. மின்தாளில் பின்னேர அஸர் தொழுகையின் நேரம் அழியாமல் நின்றது.

கல்முனையில் வாப்பா தொழுகைக்கு அழைக்கும் மோதினாராக இருந்தபோது இதே பள்ளிச் சுவரில், தொழுகைக்கு ஒன்றாக, பலகையில் வரைந்த ஐந்து மணிக்கூடுகள் இருந்தன. அன்றன்றைய தொழுகை நேரத்துக்கு முட்களை வாப்பாதான் விரலால் நகர்த்தி வைப்பார். அவை பழுதாகி நின்றுவிட்டன என்று நினைத்து, ஏழு வயதில் நான் ஐந்து பெற்றரிகளோடு அவரிடம் ஓடினேன்.

அவர் சிரிக்கவில்லை. "இதுக்கு பெற்றரி வேணா மகள். நான் இரிக்கன்தானே" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

மின்தாளையே தேர்ந்தெடுத்தேன். நேரம் மாறும்போது மட்டும் அதற்குத் துளி மின்சாரம் வேண்டும். வாப்பாவின் மணிக்கூடுகளுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை.