சாராயக்கடையில் தொடங்கிய நகரசபை

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் சிறிய ஊருக்கு, அமெரிக்காவின் மேற்குக் கரைப் பக்கம் ஒரு சகோதர நகரம் உண்டு. போன கோடையில் அங்கிருந்து ஒரு குழு வந்தது. அன்று பார்த்து மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். அலுவலகங்களில் எங்கள் ஆட்களுக்கு ஜேர்மனில் இருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் என்னை நகரசபை பிடித்துக்கொண்டது. ஆங்கிலமும் கொஞ்சம் வரும் என்று எப்போதோ வாய் தவறிச் சொல்லியிருந்தேன்.

"அவையள் சொல்லுறதை மட்டும் சொல்லும். உம்மட சரக்கைச் சேர்க்காதையும்" என்றார் கணவர்.

"ஓம்" என்றேன்.

ஊர் அருங்காட்சியகத்தில் வரவேற்பு. எங்கள் பக்கத்தில் வரலாற்றுச் சங்கத் தலைவர். இளைப்பாறிய லத்தீன் ஆசிரியர். ஐந்நூறு வயது ஆகாத எதையும் அவர் வரலாறு என்று மதிப்பதில்லை. அந்தப் பக்கத்தில் மலைபோல ஒரு தீயணைப்புத் தலைவரும், மெலிந்த நூலகர் ஒருத்தியும்.

தீயணைப்புக்காரர் தன் ஊர்க் கதையை ஆசையாகச் சொன்னார். நகரசபையின் முதல் கூட்டம் ஒரு சாராயக்கடையில்தான் நடந்ததாம். ஊரிலேயே பெரிய மேசை அங்கேதான் இருந்தது. ஊர் மூன்று தரம் எரிந்தது. கடைசித் தரம் எரிந்தபிறகு அந்தக் கடைக்காரரையே தீயணைப்புக்குத் தலைவராக்கினார்கள். தண்ணீர் நிரப்பப் பீப்பாய்கள் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நூலகமும் சிறையும் ஒரே கட்டடத்தில் இருந்தனவாம். வாசகர்களும் கள்ளரும் ஒரே வாசலால்தான் போய்வந்தார்கள்.

எங்கள் சங்கத் தலைவர் முகத்தைச் சுளித்தார். "இதெல்லாம் நேற்று நடந்த விஷயம். எங்கள் தேவாலயக் கதவின் பிணைச்சலே இவர்கள் நாட்டைவிட மூத்தது. இதை அப்படியே சொல்லுங்கள்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "நீங்கள் சொல்லும்போது நேற்று நடந்ததுபோல இருக்கிறதாம். எங்கள் தேவாலயக் கதவு அவ்வளவு பழையது, அதற்குக்கூட இப்படி ஒரு கதை இல்லையாம்."

தீயணைப்புக்காரர் தலைவரைக் கட்டிப்பிடித்துவிட்டார். அந்தப் பிடிக்குள் இருந்தபடியே தலைவர் என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

"உங்களிடம் படிக்க நிறைய இருக்கிறதாம்."

அவர் முகம் மலர்ந்தது. கொட்டகையில் இருந்த, தீயணைக்கிற பழைய கைப்பம்பை வெளியே இழுப்பித்தார். அதை யாரையும் தொட விடாத மனிதர், கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு பக்கம் பிடித்தார். மற்றப் பக்கம் தீயணைப்புக்காரர். இருவரும் மாறிமாறி அமுக்கினார்கள். தண்ணீர் பீறிட்டு, உரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மேயரை நனைத்தது. உரை அத்துடன் முடிந்தது. அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, நூலகர் என் பக்கத்தில் வந்து நின்று நல்ல ஜேர்மனில் பேசினாள். "என் அம்மா இந்தப் பக்கத்து ஆள். உங்கள் தலைவர் சொன்னதும் கேட்டது, நீங்கள் சொன்னதும் கேட்டது."

எனக்குக் காது சுட்டது. "சொல்லப்போகிறீர்களா?"

"நான் நூலகத்தில் வேலை செய்கிறவள். சத்தம் போடமாட்டேன்."

அவர்கள் அடுத்த வசந்தத்துக்குச் சங்கத் தலைவரைத் தங்கள் ஊருக்கு அழைத்திருக்கிறார்கள். மொழிபெயர்க்க இனி யாரையும் நம்பியிருக்கக் கூடாது, தானே பேசவேண்டும் என்று அவர் மாலை வகுப்பில் ஆங்கிலம் படிக்கிறார், வேகமாகவே படிக்கிறார். எனக்கு அந்தத் தீயணைப்புக்காரரை நினைத்தால்தான் கவலை.