கையெழுத்து மட்டும்தான் பாக்கி

போன வருடம், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, சிங்கப்பூர் தேக்கா சந்தையில் நானும் என் அலுவலகத் தோழியும் பிரியாணி சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவள் திருச்சியிலிருந்து வேலைக்கு வந்தவள், செங்காங்கில் வாடகை அறை. நான் இங்கேயே பிறந்தவள். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு.

பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். மருத்துவக் காப்புறுதி. முகவர் அக்கா எல்லாம் நிரப்பிக் கொடுத்திருந்தார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"போட்டுடவாடி?"

"நமக்கு இருபத்தஞ்சு வயசுலா! அடுத்த வாரம் ஆபீஸ்ல ஃப்ரீ செக்கப் இருக்கு. ஒண்ணும் இல்லன்னா எதுக்கு இன்சூரன்ஸ்? ஏதாச்சும் இருந்தா அப்ப எடுத்துக்க."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை, பேசிக்கொண்டே போனேன். கடைசியில், "சரிங்க மேடம்" என்று சிரித்து, படிவத்தை மடித்து ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் செருகப் போனாள். நான்தான் பிடுங்கி அவள் பைக்குள் திணித்தேன்.

பரிசோதனையில் சிறுநீரில் புரதம் என்றார்கள். அடுத்தடுத்த சோதனைகளில், இரண்டு சிறுநீரகமும் பழுதாகி வருகிறது என்றார்கள். அதுவரை அவளுக்கு வலியென்று ஒன்றுமே இருந்ததில்லை. கம்பெனி தரும் காப்பு சில நாள் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குத்தான் தாங்கும்.

தோழியையும் கூட்டிக்கொண்டு போய், முகவர் அக்காவைத் தஞ்சோங் பகார் காப்பிக் கடைக்கு வரச்சொல்லி, அதே படிவத்தை நீட்டினேன். அவர் ஒரு கேள்வியில் விரலை வைத்தார். எந்தப் பரிசோதனையிலாவது குறை தெரிந்ததா? 'இல்லை'யில் டிக் இருந்தது.

"அன்னைக்கு இது உண்மைமா. இன்னைக்குப் பொய். மாத்தி எழுதினா, கிட்னிய விட்டுட்டுத்தான் காப்பு தருவாங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

"கையெழுத்து போட்டுட்டு செக்கப் போன்னு சொல்லித்தானே கொடுத்தேன்?"

நான் தோழியைப் பார்த்தேன்.

"நீ பேசறப்ப நடுவுல பேச முடியுமாடி?" என்றாள். கோபமே இல்லை அதில்.

"அப்படியே போட்டுடு, யாருக்குத் தெரியும்" என்று கிசுகிசுத்தேன். அவள் பேனாவை வாங்கி 'இல்லை'யை அடித்து, 'ஆம்' என்று எழுதினாள்.

இங்கே வைத்தியச் செலவு கட்டுப்படியாகாமல், பொங்கலுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். போனில் இப்போதும் அவள் என்னவோ சொல்ல ஆரம்பிக்கிறாள், நான் மூச்சுக்கூட விடாமல் கேட்கிறேன். ஒரு பிரியாணித் தட்டுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதற்கு இனி எத்தனை வருடம் கேட்டாலும் ஈடாகாது.